முதிய பெண்களுக்கு வைட்டமின் டி மொத்தமாக வேண்டாம், தினசரி அளவில் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
முதியோர் மருத்துவம், எலும்பியல், இயன்முறை சிகிச்சை, மருந்தகப் பணிகளில் உள்ளோர்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை,
தேனாம்பேட்டை, சென்னை – 600 006.

பொருள்: மக்களைத் தேடி மருத்துவம் – 75 வயது கடந்த பெண்கள், வீட்டைவிட்டு வெளியேற இயலாதோர், எலும்பு முறிந்தோர் – கால்சியம், வைட்டமின் டி தினசரி வழங்குதல் – 60,000 யூனிட் பாக்கெட்டை முகாம்களில் வழங்காதிருத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். வைட்டமின் டி என்று கேட்டால் மருந்துக் கடையில் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் 60,000 யூனிட் பாக்கெட்தான். வாரம் ஒன்று, எட்டு வாரம் என்பது வழக்கம். குறைபாடு உறுதியானவருக்கு, மருத்துவர் பார்வையில், அது சரியான சிகிச்சை. ஆனால் "எலும்பு வலுப்பட" என்று சொல்லி வயதான பெண்கள் எல்லோருக்கும் முகாமில் ஊற்றிக் கொடுக்கத்தக்க பொருள் அல்ல. மாதம் ஒருமுறை, ஆண்டுக்கு ஒருமுறை என்று மொத்தமாகக் கொடுப்பது நிர்வாகத்துக்கு எளிது என்பதால் இந்த யோசனை அடிக்கடி எழுகிறது. எலும்புக்கு அது நல்லதல்ல என்பதற்குச் சான்று இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 70 வயதுக்கு மேற்பட்ட 2,256 பெண்களிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. ஆண்டுக்கு ஒரே தடவை 5 லட்சம் யூனிட் கொடுத்தார்கள். மருந்து பெற்றவர்கள் வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட 15 சதவீதம் கூடுதலாக விழுந்தார்கள். எலும்பு முறிவு 26 சதவீதம் கூடியது. இந்தக் கூடுதல் அதிகமாகத் தெரிந்தது மருந்து கொடுத்த முதல் மூன்று மாதங்களில். 2016இல் வெளியான சூரிக் ஆய்வில், முன்பு ஒருமுறை விழுந்திருந்த 200 முதியோருக்கு மாதம் 24,000 அல்லது 60,000 யூனிட் தரப்பட்டது. ஓராண்டில் 24,000 பெற்றோரில் 48 சதவீதம் பேரும், 60,000 பெற்றோரில் 67 சதவீதம் பேரும் விழுந்தனர். நம் கடைகளில் விற்கும் ஒரு பாக்கெட்டின் அளவும் அதே 60,000 என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். திடீரென்று அளவு ஏறும்போது, வைட்டமினைச் சிதைக்கும் நொதியை உடல் முடுக்கிவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று.

பலன் தந்த முறை வேறு. 1992இல் வெளியான பிரான்சின் லியோன் நகர ஆய்வில், முதியோர் இல்லங்களில் நடமாடிக்கொண்டிருந்த, சராசரி 84 வயதுள்ள 3,270 பெண்கள் பங்கேற்றனர். தினமும் 1,200 மி.கி. கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டியும் கொடுத்ததில், 18 மாதங்களில் இடுப்பெலும்பு முறிவு 43 சதவீதம் குறைந்தது. அந்தப் பெண்கள் உணவில் பெற்ற கால்சியம் நாளுக்குச் சுமார் 500 மி.கி. மட்டுமே, வெயிலும் படவில்லை. இல்லாதவருக்குக் கொடுத்தார்கள், பலித்தது. ஏற்கெனவே போதுமான அளவு உள்ளவருக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது: 25,871 பேர், தினம் 2,000 யூனிட், ஐந்து ஆண்டுகளுக்கு மேல், எலும்பு முறிவு குறையவில்லை. எனவே எல்லோருக்கும் என்று கேட்பது எங்கள் நோக்கமல்ல. 75 வயது கடந்த பெண்கள், வீட்டைவிட்டு வெளியேற இயலாத பெண்கள், எலும்பு முறிந்த பெண்கள் ஆகிய மூன்று பிரிவினருக்கே கேட்கிறோம். 50, 60 வயதில் நல்ல உடல்நிலையோடு நடமாடும் பெண்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை. எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்வதும் தேவையில்லை. அந்தப் பணத்தில் மாத்திரையே வாங்கிவிடலாம்.

வெயில் கொட்டும் ஊரில் குறைபாடு ஏது என்று கேட்கப்படலாம். வேலூர் வெயிலுக்கு அறிமுகம் தேவையில்லை. அங்கு மாதவிடாய் நின்ற 150 பெண்களிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், பாதிப் பேருக்கு ஏதேனும் ஓரிடத்தில் எலும்புப்புரை (எலும்பின் அடர்த்தி குறையும் நோய்) இருந்தது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தத்தில் வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே. எண்பது வயதுத் தோல், இளம் வயதுத் தோலில் பாதி அளவுகூட வைட்டமினை உருவாக்காது. அதோடு, "காலை இளவெயிலில் நில்லுங்கள்" என்று நாம் சொல்லிவரும் அறிவுரையே பிழை. ஏழு மணி வெயில் சாய்வாக வருவதால், வைட்டமின் டியை உண்டாக்கும் புற ஊதா பி கதிர் அதில் மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில், கையும் காலும் வெளியில் தெரிய, சில நிமிடங்கள் போதும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் பயனில்லை. துறையின் சுவரொட்டிகளில் இளவெயில் என்ற சொல் இருந்தால் திருத்த வேண்டுகிறோம்.

உணவால் மட்டும் இதைச் சரிக்கட்ட முடியாது. நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் மாதம் தரப்படும் 2 கிலோ கேழ்வரகு நல்ல முயற்சி. ஆனால் கணக்குப் பார்த்தால் அது நாளுக்கு 67 கிராம், சுமார் 240 மி.கி. கால்சியம், அதுவும் ஒரு குடும்பத்துக்கே. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அறுபது கடந்த பெண் ஒருவருக்குச் சொல்லும் அளவு 1,200 மி.கி. கால்சியம், 800 யூனிட் வைட்டமின் டி.

இதற்குப் புதிய கொள்முதல் பெரிதாக வேண்டியதில்லை. கர்ப்பிணிகளுக்காக ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வரும் கால்சியம் மாத்திரை ஒவ்வொன்றிலும் 500 மி.கி. கால்சியமும் 250 யூனிட் டி3யும் (வைட்டமின் டியின் ஒரு வகை) உள்ளன. அதே மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று என்று கொடுத்தால் 1,000 மி.கி. கால்சியம் கிடைக்கும். மீதி உணவில் வந்துவிடும். வைட்டமின் டி மட்டும் 500 யூனிட்டோடு நின்றுவிடும். அதற்குத் தினம் ஒரு 400 யூனிட் டி3 மாத்திரை சேர்க்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகப் பட்டியலில் இந்த ஒரு மாத்திரையைச் சேர்த்தால் போதும். டி3 என்பதில் கவனம் தேவை: கால்சிட்ரியால் (வைட்டமின் டியின் செயல் வடிவம்) சேர்ந்த கூட்டு மாத்திரைகள் இதற்கு மாற்று அல்ல, அவற்றால் ரத்தத்தில் கால்சியம் விரைவில் ஏறிவிடும்.

மாத்திரை கைக்குப் போன பிறகு நேரும் தவறுகள்தான் அதிகம். இரண்டு கால்சியம் மாத்திரைகளையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் குடல் முழுவதையும் ஏற்காது. கால்சியம் கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். வெறும் வயிற்றில் வேலை செய்யாது. தைராய்டு மாத்திரை எடுப்பவர் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் தைராய்டு மாத்திரை வீணாகும். மாத்திரை தடிமனானது, பல் இல்லாத பாட்டிக்குத் தொண்டையில் நிற்கும், இரண்டாக உடைத்துத் தரலாம். மலச்சிக்கல் வந்ததும் சொல்லாமலே நிறுத்திவிடுவார்கள். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொண்டுபோகும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் காலி மாத்திரைப் பட்டையை எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். அமெரிக்காவில் 36,282 பெண்களிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், ஆய்வு முடியும் கட்டத்தில் மாத்திரையை 80 சதவீதமாவது ஒழுங்காக எடுத்தவர்கள் 59 சதவீதம் பேர்தான். அதே ஆய்வில் சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. ஆகவே கல் வந்தவர், சிறுநீரகம் பழுதானவர், தயசைடு வகை (சிறுநீரைக் கூட்டும்) ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர் ஆகியோருக்கு மருத்துவர் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

60,000 யூனிட் பாக்கெட், எலும்பு வலியோடு தரையிலிருந்து எழ முடியாமல், நடை தள்ளாடி, அல்கலைன் பாஸ்படேஸ் என்ற ரத்த நொதி கூடியிருக்கும் எலும்பு மென்மை (ஆஸ்டியோமலேசியா) நோயாளிக்கு அவசியம் வேண்டும். அதை எழுதும்போது "வாரம் ஒன்று" என்பது வீட்டில் "தினம் ஒன்று" ஆகிவிடுகிறது. மற்ற மாத்திரைகள் எல்லாம் தினசரிதானே! இரண்டு மாதம் அப்படி எடுத்தால் 36 லட்சம் யூனிட். தாகம், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம் என்று தொடங்கிச் சிறுநீரகம் வரை போகும். வயதானவரிடம் இது வெறும் தளர்ச்சி போலத் தோன்றும். பாக்கெட்டின் மேலேயே "ஞாயிறு" என்று பேனாவால் எழுதிக் கொடுக்கவும், ஒரு தடவைக்கு நான்குக்கு மேல் கொடுக்காதிருக்கவும் மருந்தாளுநர்களுக்கு அறிவுறுத்த வேண்டும்.

இடுப்பெலும்பு முறிந்து அறுவை முடிந்து வீட்டுக்குப் போகும் பெண்ணுக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் மட்டும் எழுதி அனுப்புவது போதாது. 2007இல் வெளியான ஆய்வில், முறிவு சரிசெய்த 90 நாட்களுக்குள் எலும்புப்புரை மருந்தான ஜோலெட்ரோனிக் அமிலம் 5 மி.கி. ஊசி தொடங்கி ஆண்டுக்கு ஒருமுறை கொடுத்ததில், புதிய முறிவுகள் 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்தன. இங்கேதான் வைட்டமின் டி முதலில் வர வேண்டும்: குறைபாட்டைச் சரிசெய்யாமல் இந்த ஊசி போட்டால் ரத்தக் கால்சியம் சட்டென்று இறங்கி விரல்கள் இழுத்துக்கொள்ளும். சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு பார்க்காமலும் போடக் கூடாது. அரசு மருத்துவமனைகளின் டிஸ்சார்ஜ் சீட்டில் "எலும்புப்புரை மருந்து: தேதி" என்ற ஒரு வரியைச் சேர்த்து, அந்தப் பெயரை மக்களைத் தேடி மருத்துவப் பட்டியலுக்கு அனுப்ப ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். இயன்முறை சிகிச்சையாளர் அந்த வீட்டுக்குப் போகும் முதல் நாளே நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழும் பயிற்சியைத் தொடங்கிவைத்து, குளியலறைக் கைப்பிடியையும் கிழவியின் செருப்பையும் பார்த்துவிட்டு வரலாம்.

அடுத்த ஆண்டுக்கான மருந்துத் தேவைப் பட்டியல் வட்டாரங்களிலிருந்து வரும் முன், மேற்கண்ட மூன்று பிரிவுப் பெண்களின் எண்ணிக்கையைத் தன்னார்வலர்கள் வழியே எடுக்கவும், 400 யூனிட் டி3 மாத்திரையைப் பட்டியலில் சேர்க்கவும், 60,000 யூனிட் பாக்கெட்டை முகாம்களில் வழங்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பவும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்