குளத்தில் வண்டல் எடுக்குமுன் அடிக்களியைக் காத்துத் தாருங்கள்

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினருக்கும் கொங்கு மாவட்ட ஆட்சியர்களுக்கும் வணக்கம்.

சென்ற கோடையில் காங்கேயம் பக்கத்திலுள்ள எங்கள் ஊர்க் குளத்தில் வண்டல் எடுத்தார்கள்; எங்கள் தோட்டத்துக்கும் பத்து லோடு வந்தது. பொக்லைன் வெட்டிய சுவரில் மேலே செம்மண் கலந்த வண்டலும், ஆளுயரத்துக்குக் கீழே விரலில் ஒட்டிக்கொள்ளும் சாம்பல்நிறக் களியும் தெரிந்தன. சித்திரை வெயிலிலும் ஈரம் காயாத அந்தக் களியில் பழங்காலச் செடிகளின் மகரந்தம் தங்கியிருக்கக்கூடும்; அதற்காகவே இம்மடல்.

மகரந்தத் தூளின் மேலோடு எளிதில் மட்காது. காற்றுப் புகாத ஈரமண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும். அடுக்கடுக்காக மண்ணெடுத்து, அமிலத்தில் கரைத்து, எஞ்சிய தூள்களை நுண்ணோக்கியில் இனவாரியாக எண்ணினால், எந்தக் காலத்தில் எது வளர்ந்தது என்று அறியலாம். 1941-இல் டென்மார்க்கின் யோஹன்னஸ் ஐவர்சன், மர மகரந்தம் குறைந்து தானியமும் களையும் கூடிய அடுக்கைக் கொண்டே அங்கே முதல் உழவர்கள் காடழித்ததை விளக்கினார்.

ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் பண்டைக் காலத்தில் இரும்பு உருக்கியதையும், பழனி அருகே பொருந்தல் ஈமச்சின்னத்துச் சாடியில் கிடைத்த நெல் பொ.ஆ.மு. 490 எனக் கணிக்கப்பட்டதையும் அறிவோம். அந்த ஊர்களைச் சுற்றியிருந்தது காடா, கம்மங்காடா, கொறங்காடா (வேலியடைத்த மேய்ச்சல் நிலமா) என்பதைச் சாடி சொல்லாது. வேல மரத்தின் மகரந்தம் பெரும்பாலும் பதினாறு மணிகள் ஒட்டிய உருண்டை. கனமானதால் வெகுதூரம் பறக்காது. ஆகவே களியில் அது கிடைத்தால் மரம் அருகிலேயே நின்றது எனக் கொள்ளலாம். சாணத்தில் முளைக்கும் பூஞ்சையின் வித்துகள் அதே அடுக்கில் மிகுந்தால் கால்நடை மேய்ந்ததற்கு அது சான்று. காங்கேயம் மாட்டைப் போற்றும் எங்களுக்கு இது வெறும் ஆய்வுச் செய்தி அன்று.

இந்த முறைக்கும் வரம்பு உண்டு: நெல், கம்பு மகரந்தத்தைக் காட்டுப்புல்லிலிருந்து பிரித்தறிவது கடினம். காய்ந்து காய்ந்து நனையும் மண்ணில் மகரந்தம் அழிந்தும் விடும். அதனால்தான் மேல்மண்ணைக் கேட்கவில்லை, அடிக்களியைக் கேட்கிறேன்.

வண்டலை நிறுத்தச் சொல்லவில்லை. அது எங்கள் நிலத்துக்கு வேண்டும். குளத்தின் ஆழமான பகுதியில் பத்தடிச் சதுரத்தைத் தொடாமல் விட வேண்டும் என்று அனுமதி ஆணையிலேயே எழுதுங்கள். அங்கே குழாய் இறக்கி எடுக்கும் மண்ணைக் கரிமக் காலக்கணிப்போடு சேர்த்து ஆராய, மகரந்தம் பார்க்கும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனமும் இருக்கின்றன.

பக்கத்து ஊர்க் குளத்தில் வண்டலெடுக்க இப்போதே மனுக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கான அனுமதியிலேயே இந்த நிபந்தனை இடம்பெற வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
காங்கேயம் பகுதி உழவர் ஒருவர்