அது பட்டமரம் இல்ல ஐயா, வாகை மரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம ஊர்ப் பக்கத்துல "பட்டுப்போன மரம், உயிர்ப்பலி வாங்கும் முன் அகற்றப்படுமா?"ன்னு ஒரு போட்டோ போட்டிருந்தீங்க. செங்கோட்டைல கொல்லம் ரோட்டுல என் தையக்கடைக்கு எதுக்க நிக்கிற வாகை மரம்தான் அது. மாசி மாசம், இலைய உதுத்துட்டு நிக்கி, அவ்வளவுதான். நாலு எழுத்து படிச்ச உங்களுக்கு இது தெரியாம இருக்காது, போட்டோ எடுத்த தம்பிதான் பைக்க விட்டு எறங்கல, நான் மெஷின்ல உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். எறங்கி வந்து சின்னக் கொப்பு ஒன்ன நகத்தால சொரண்டியிருந்தா உள்ள பச்சை தெரிஞ்சிருக்கும். அதுக்கு ஒரு நிமிசம் ஆகுமா?

மேல காஞ்ச காய் தொங்குதுன்னு பட்டமரம்னு நெனச்சிட்டாரோ என்னவோ. வாகைக் காய் அப்படித்தான் ஐயா, வைக்கோல் கலர்ல மாசக்கணக்குல தொங்கும், காத்தடிச்சா சலசலன்னு கெடக்கும், அந்தச் சத்தத்துல எனக்கு போன் அடிக்கிறதே கேக்காது. தை பொறந்தா இலை பழுக்க ஆரம்பிக்கும், பொடிப்பொடியா உதுந்து தைக்கப்போட்ட ஜாக்கெட்டுல எல்லாம் ஒட்டும், கஸ்டமரு திட்டுவாங்க, நானும் மரத்தத் திட்டுவேன். வெயில் காலத்துல தண்ணி கெடைக்காதுன்னு மரம் இலைய விட்டுட்டு இருக்கிற ஈரத்தக் காப்பாத்துது. பங்குனி கடைசில துளிர்க்கும், சித்திரைல பவுடர் பப் மாதிரி வெளிர்பச்சையும் வெள்ளையுமா பூக்கும். சாயங்காலம் கடைய அடைக்கிற நேரத்துல வாசம் ரோட்டக் கடந்து வரும். ஆனி ஆடில சாரல் அடிக்கிறப்ப பச்சைக்காயா தட்டையா தொங்குறதப் பாக்கணும். பொழுது சாஞ்சா இலையெல்லாம் மடக்கித் தூங்கிரும். 1956 நவம்பர் 1க்கு முன்னால இந்த ஊரு திருவிதாங்கூர்-கொச்சில இருந்துச்சு, அப்பவும் ஆனி மழையும் ஐப்பசி மழையும் ரெண்டும் எங்களுக்கு உண்டு, இந்த மரமும் ரெண்டயும் குடிச்சுத்தான் வளந்திருக்கு. எட்டாவது படிச்ச தையக்காரிக்கு இவ்வளவுதான் தெரியும், தப்பிருந்தா நீங்க திருத்துங்க.

ஆனா உங்க பேப்பருக்கு சாரல்னா குத்தால அருவி மட்டுந்தான். ஜூன் மாசம் வந்தா அதே அருவி, அதே துண்டு கட்டுன கூட்டம், போன வருச போட்டோவான்னு சந்தேகமா இருக்கும். ஜூன் அஞ்சாம் தேதி சுற்றுச்சூழல் தினம்னு ஒரு கன்றுக்குப் பின்னால பதினஞ்சு பேரு நிக்கிற படம் வரும், அடுத்த வருசம் அதே குழில வேற கன்று. போன வருசக் கன்று என்ன ஆச்சுன்னு ஒரு தடவையாச்சும் கேட்டிருக்கீங்களா? ரோட்ட அகலமாக்கும்போது எங்க புளியமரங்கள்லாம் போச்சு, அப்ப ஒரு கடுதாசி எழுதினேன், வரல. இந்த வாகைல கோச்சிங் சென்டர் போர்டு, கண்ணீர் அஞ்சலி, பைல்ஸ் டாக்டர்னு ஆணி ஆணியா அடிச்சாங்க, அதுக்கும் எழுதினேன், வரல. மரம் செத்துப்போச்சுன்னா மட்டும் கால் பக்கத்துக்குப் படம் வருது.

புளியரை செக்போஸ்ட் தாண்டி அந்தப் பக்கம் போனா நெலமையே வேற. கேரளால பள்ளிக்கூடப் புள்ளைங்க சீசன்வாட்ச்னு ஒரு திட்டத்துல வாராவாரம் அதே மரத்தப் போய்ப் பாத்து துளிர் எவ்வளவு, பூ எவ்வளவு, காய் எவ்வளவுன்னு குறிச்சு அனுப்புது. கொன்னை விசுவுக்கு முன்னாடியே பூத்துருதான்னு அங்க அதயும் பேசுறாங்க. என் அண்ணன் மக புனலூர்ல படிக்கா, லீவுக்கு வந்தா இந்த வாகையப் பாத்துட்டு "அத்தை, துளிர் இன்னும் வரல"ன்னு நோட்டுல எழுதிட்டுப் போவா. அந்தப் புள்ளைக்குத் தெரியிறது உங்க நிருபருக்குத் தெரியல.

இந்த மரம் நெசமாவே பட்டுப்போகும்னா அது அடில ஊத்துன காங்கிரீட்டாலதான் பட்டுப்போகும். நடைபாதை போட்டவங்க தூரோட சேத்துப் பூசிட்டுப் போயிட்டாங்க, மழைத்தண்ணி எறங்க ஒரு சாண் மண்ணு இல்ல. 2013ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் டெல்லில மரத்தச் சுத்தி ஒரு மீட்டருக்கு காங்கிரீட் இருக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இந்தக் காங்கிரீட்டப் படம் புடிச்சு "அகற்றப்படுமா?"ன்னு போட்டிருந்தா உங்க போட்டோகிராபருக்கு இலவசமா ஒரு சட்ட தச்சுக் குடுத்திருப்பேன்.

உங்க படம் வந்த மறுநாளே விறகுக்கடைக்காரர் ஒருத்தர் வந்து மரத்தச் சுத்தளவு எடுத்துட்டுப் போறாரு. வாகைப் பலகைக்கு நல்ல வெலை உண்டு, அது அவருக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க.

நான் கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. படம் வந்த அதே பக்கத்துல, "அந்த மரம் உயிரோடதான் இருக்கு, மாசில இலை உதுக்கும்"னு ரெண்டு வரி திருத்தம் போடுங்க. அரசு எடத்து மரத்த வெட்டணும்னா கலெக்டர் தலைமைல பசுமைக் குழு இருக்கு, அவங்க மேசைக்கு உங்க படம் போய்ச் சேருறதுக்குள்ள போட்டா நல்லது. எடம் இல்லன்னு சொல்லிராதீங்க, போன ஞாயித்துக்கிழமை ராசிபலன் ரெண்டு பக்கத்துல ரெண்டு தடவ வந்திருந்துச்சு.

இப்படிக்கு,
ஒரு சந்தாதாரர்,
செங்கோட்டை