இளைஞர் தினமும் பாபநாசத்துத் துணிகளும்

பாளையங்கோட்டை,
ஜனவரி 13

அன்புள்ள சங்கரலிங்கம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்குத் தென்காசிப் பக்கம் மாற்றல். தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள். சந்தையில் மஞ்சள்குலையும் பனங்கிழங்கும் வந்து இறங்கிவிட்டன.

நேற்று தேசிய இளைஞர் தினம் அல்லவா, பக்கத்துப் பள்ளியில் என்னையும் கூப்பிட்டு மேடையில் உட்காரவைத்துவிட்டார்கள். விவேகானந்தர் பிறந்தநாளை 1985-இலிருந்துதான் இப்படிக் கொண்டாடுகிறார்கள். நாம் படித்த காலத்தில் இந்தத் தொந்தரவு இல்லை. பேசவந்தவர் முக்கால் மணி நேரம் சிகாகோவை விட்டு இறங்கவே இல்லை. 1892 டிசம்பரில் விவேகானந்தர் நம் பக்கத்துக் கன்னியாகுமரிக்கு வந்ததைக்கூடத் தொடவில்லை. 1908 மார்ச்சில் வ.உ.சி.யைக் கைது செய்ததும் திருநெல்வேலியே கொதித்தெழுந்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். அதைச் சொல்லியிருந்தால் பிள்ளைகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. "சம்பளத்துக்காகச் செய்வதெல்லாம் நாட்டுப்பணி ஆகாது" என்று ஒரு போடு போட்டார் பார், எனக்குச் சுருக்கென்றது. நம் முருகையா பேரன் போலீஸ் தேர்வுக்காக விடியுமுன்னே எழுந்து மைதானத்துக்கு ஓடுகிறான். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். அப்பன் கொத்தனார் வேலைக்குப் போகிறான், வீட்டில் தங்கச்சி கல்யாணத்துக்கு நிற்கிறாள். அவனிடம் போய்ச் சம்பளத்தை நினைக்காதே என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

2023 டிசம்பர் வெள்ளத்தில் இதே பையன்தான் இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட்டைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனான். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய்ச் சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டபோது, பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் தங்கள் ஊரே தத்தளிக்கிற நேரத்தில் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்களே, எந்தச் சொற்பொழிவைக் கேட்டு? என்னைக் கேட்டால், இளவட்டங்களுக்குப் புத்திமதி வேண்டாம். இன்ன வேலை, இன்ன இடம், இத்தனை மணிக்கு வா என்று சொன்னால் போதும், வந்துவிடுவார்கள்.

போன மாதம் பாபநாசத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். பரிகாரம் என்று முங்கி எழுந்து கட்டின துணியை ஆற்றிலேயே விடுகிற பழக்கம் உனக்குத் தெரியும்தானே. நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகள் அதை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சேலை பாறை இடுக்கில் சிக்கி, மணலும் பாசியும் ஏறி, கயிறாக முறுக்கிக்கிடந்தது. மூன்று பேர் இழுத்தும் அசையவில்லை. ஒருத்தி மூச்சைப் பிடித்து முங்கி அடியில் இருந்த முடிச்சை அறுத்தாள். வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, அது ஒரு சேலை இல்லை, வேட்டி துண்டு எல்லாம் ஒன்றோடொன்று பின்னிய பொதி. நாற்றம் குடலைப் புரட்டியது. அவர்களோ யார் இழுத்தது பெரிசு என்று பந்தயம் கட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கரையில் அப்போதும் ஒரு குடும்பம் துணியைத் தண்ணீரில் விட்டது. ஒரு பையன் அதைக் கையோடு எடுத்து வந்து, "பெரியம்மா, இதையும் நாங்களே கொண்டுபோறோம்" என்றான். அந்த அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நம் முகாமில் வாய்க்கால் வெட்டியபோது நீ மண்வெட்டியைத் தோளில் வைத்து நின்றே பொழுதைக் கழித்தது ஞாபகம் வந்தது, கோபித்துக்கொள்ளாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் கழிந்து அவர்கள் மறுபடி போகிறார்கள். வெறுங்கையால் இழுத்து உள்ளங்கையெல்லாம் கிழிந்திருக்கிறது. உன் மருமகன் கடையில் கெட்டியான ரப்பர் கையுறை கிடைக்குமா? நாற்பது ஜோடி வேண்டும், பெண்பிள்ளைகளுக்குச் சின்ன அளவிலும் கொஞ்சம். விலையை எழுது, உடனே பணம் அனுப்புகிறேன். தைப்பூசத்துக்குள் பார்சல் வந்தால் நல்லது. தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

உன்,
ஆறுமுகம்