தொட்டியின் அடியில் இருப்பது எப்போது வந்த சரக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எளிதில் கிடைக்காத தானியங்களையும் பாஸ்தாவையும் உள்ளூரிலேயே மொத்தமாக வாங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சின்னப் பொட்டலமாக வாங்கினால் கட்டுப்படியாகாது, மூட்டையாக வாங்குங்கள் என்று எழுதியிருந்தீர்கள். சரிதான், நானும் ஆறு வருடமாக அப்படித்தான் வாங்குகிறேன். ஆனால் எங்கே கிடைக்கும், எவ்வளவு மிச்சமாகும் என்பதோடு கட்டுரை முடிந்துவிட்டது. சரக்கு எப்போது வந்தது என்று கடையில் கேளுங்கள் என ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

போன வருடம், தொட்டிகளில் கொட்டிவைத்து எடைபோட்டு விற்கும் ஒரு கடையில் பக்வீட் என்னும் தானியத்தில் ஐந்து கிலோ வாங்கினேன். மேலாகப் பார்த்தால் நல்ல சரக்கு. வீட்டுக்கு வந்து டப்பாவில் கொட்டும்போது கடைசியாக விழுந்த இரண்டு கை அளவு மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. முகர்ந்தேன், காறிப்போன எண்ணெய் வாடை. மணிகள் மூன்றும் நான்குமாக மெல்லிய நூலில் ஒட்டித் தொங்கின. அந்துப்பூச்சியின் புழு கட்டிய நூல் அது. திரும்பப் போய்க் கேட்டபோது அங்கே வேலை செய்யும் பெண் மறைக்காமல் சொன்னார்: “தொட்டி குறைஞ்சா புதுசை மேலேயே கொட்டிடுவோம்.” அப்படியானால் அடியில் கிடப்பது எப்போது வந்ததென்று அவருக்கும் தெரியாது, கடைக்கும் தெரியாது.

முழுத் தானியத்தில் இது சின்ன விஷயம் இல்லை. தவிடும் முளையும் நீக்காத தானியம் அது. முளையில் எண்ணெய் இருக்கிறது, நாளானால் அது காறும். அரைத்து மாவாக்கினால் இன்னும் சீக்கிரம் காறும். பாஸ்தாவின் கதை வேறு. டியூரம் என்ற கெட்டியான கோதுமை வகையின் ரவையில் செய்து நன்றாக உலர்த்திய பாஸ்தாவில் அந்த எண்ணெய் மிகக் குறைவு, ஈரமும் குறைவு. உலர்ந்த பாஸ்தாவை டியூரம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று இத்தாலி 1967லேயே சட்டம் போட்டது. ஈரப்பதம் 12.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதும் அங்கே விதி. அதனால் வெள்ளை பாஸ்தாவைப் பெட்டி பெட்டியாகத் தைரியமாக வாங்கலாம். முழுக்கோதுமை பாஸ்தாவையும் முழுத் தானியங்களையும் மூன்று மாதத்தில் தீரும் அளவுக்குத்தான் நான் வாங்குகிறேன்.

தேதியைப் போலவே தொட்டியில் தொலைந்துபோவது பெயர். ஃபார்ரோ என்ற ஒரே பெயரில் ஐன்கார்ன், எம்மர், ஸ்பெல்ட் என்ற மூன்று பழைய கோதுமை வகைகளும் விற்கின்றன. மேல்தோல் தீட்டியது சீக்கிரம் வெந்துவிடும், தீட்டாததை ஊறவைத்தாலும் நேரமெடுக்கும். எது எது என்று மூட்டை மேல் எழுதியிருக்கும், தொட்டி மேல் இருக்காது. கூஸ்கூஸைத் தானியம் என்று எழுதிவைக்கிறார்கள், அது ரவையை உருட்டிச் செய்வது. பக்வீட் பெயரில் கோதுமை இருந்தாலும் கோதுமை இல்லை, கோதுமையில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதமும் அதில் கிடையாது.

க்ளூட்டன் என்றதும் என் அக்கா மகள்தான் நினைவுக்கு வருகிறாள். அவளுக்குச் சீலியாக் நோய், க்ளூட்டன் உள்ளே போனால் குடலைப் பாதிக்கும். க்ளூட்டன் இல்லாதது என்று எழுத வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சர்வதேச உணவுத் தரம். கோதுமையை உடைத்துச் செய்த பல்கர் அள்ளிய கரண்டியாலேயே க்ளூட்டன் இல்லாத குயினோவாவையும் அள்ளும் கடையில் இந்த அளவுக்கு என்ன உத்தரவாதம்? அவளுக்கென்று வாங்குவது சீல் உடைக்காத பையாக மட்டும்தான். இந்த எச்சரிக்கை உங்கள் கட்டுரையில் இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இதற்காக மொத்தமாக வாங்குவதையே விட வேண்டியதில்லை. ரொட்டி சுடுபவர்களும் உணவகங்களும் எங்கே சரக்கு எடுக்கிறார்கள் என்று விசாரித்து, அவர்களுக்கு வரும்போது நமக்கும் ஒரு மூட்டை சேர்த்துத் தருவிக்கச் சொல்லலாம். நாங்கள் நான்கு வீடுகள் சேர்ந்து 25 கிலோ மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். மூட்டையைப் பிரிக்கும் முன்பே அதில் அச்சடித்த பெயரையும் தேதியையும் நான்கு சீட்டில் எழுதி அவரவர் டப்பாவில் ஒட்டிவிடுவோம். அப்புறம் சிறு சிறு பைகளாகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் நான்கு நாள். பூச்சி முட்டை இருந்தாலும் செத்துவிடும். வெளியே எடுத்தவுடன் பையைப் பிரிக்கக்கூடாது, குளிர் முழுவதும் போகும்வரை விட்டுவைக்க வேண்டும். இல்லாவிட்டால் தானியத்தின் மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

உள்ளூர்க் கடையில் வாங்குவதில் எனக்குப் பிடித்ததே, ஒரு கை அள்ளி முகர்ந்து பார்க்கலாம், ஆளைப் பார்த்துக் கேட்கலாம் என்பதுதான். பக்வீட் வாங்கிய அந்தக் கடைக்கு இன்றும் போகிறேன். தொட்டியைக் காலி செய்து துடைத்த பிறகே புதுச் சரக்கைக் கொட்டுங்கள், வந்த தேதியை ஒரு அட்டையில் எழுதி வையுங்கள் என்று உரிமையாளரிடம் கேட்டேன். இரண்டு தொட்டிகளில் இப்போது அட்டை தொங்குகிறது.

கட்டுரையோடு கடைகளின் பட்டியல் ஒன்று கொடுத்திருந்தீர்கள். அடுத்த முறை அதை வெளியிடும்போது, சரக்கு வந்த தேதியை எழுதிவைக்கும் கடை எது என்பதற்கும் ஒரு கட்டம் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி