பழத்துக்கு ரேங்க் போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கமுங்க.

போன இதழில் ஆன்டிஆக்ஸிடன்ட் பழங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மங்குஸ்தான், நாவல், கொய்யா, மாம்பழம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எண்ணைப் போட்டு பரீட்சை ரிசல்ட் மாதிரி அடுக்கியிருந்தீர்கள். நான் கோவையில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன். அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று பக்கத்திலிருந்து பார்க்கிறதால் சும்மா இருக்க முடியவில்லை.

டி.பி.பி.ஹெச். என்று ஒரு பொடி இருக்கிறது. அது ஒரு ஃப்ரீ ராடிக்கல், அதாவது ஜோடி இல்லாத எலக்ட்ரானோடு நிற்கிற பொருள்; இப்படிப்பட்டதை அடக்குகிறதைத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிறோம். மெத்தனாலில் கரைத்தால் நல்ல அடர் ஊதாவாக நிற்கும். அதில் கொய்யா இலைச் சாற்றைக் கொஞ்சம் விட்டு அரை மணி நேரம் இருட்டில் வைத்தால், ஊதா வெளுத்து வெளுத்துக் கடைசியில் மஞ்சளாகிவிடும். இலையில் இருக்கிற குவெர்செட்டின் போன்ற பொருள்கள் ஹைட்ரஜனைக் கொடுத்து அந்த ஃப்ரீ ராடிக்கலை அடக்குவதால்தான் நிறம் போகிறது. 517 நானோமீட்டரில் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று கருவியில் பார்த்து, ராடிக்கலில் பாதியை அடக்க எவ்வளவு சாறு தேவைப்பட்டது என்று கணக்குப் போடுவோம். அதுதான் ஐ.சி.50. கொஞ்சமே போதும் என்றால் வீரியம் அதிகம், ஆக எண் சின்னதாக இருந்தால்தான் உசத்தி. ஓராக் என்கிற இன்னொரு சோதனையில் எண் பெரிதாக இருந்தால் உசத்தி. உங்கள் பட்டியலில் இரண்டையும் ஒரே வரிசையில் கலந்துவிட்டு, பெரிய எண்ணையெல்லாம் மேலே தூக்கி வைத்திருக்கிறீர்கள்!

அதைவிட முக்கியம், எந்தப் பாகம் என்பது. குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் ரோட்டோரத்தில் மங்குஸ்தான் வாங்கினால் உள்ளே இருக்கிற வெள்ளைச் சுளையைத் தின்றுவிட்டு, வேட்டியில் பட்டால் கறை போகாத அந்தத் தடித்த தோலைத் தூக்கி எறிகிறோம். ஆய்வுகளில் பேசப்படுகிற ஆல்ஃபா மங்கோஸ்டின் என்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் பெரும்பாலும் அந்தத் தோலில்தான் இருக்கிறது. மாம்பழத்திலும் இதே கதைதான். அதிலிருக்கிற மாஞ்சிஃபெரின் என்கிற பொருள் இலையிலும் பட்டையிலும் தோலிலும் நிறைய உண்டு, சதையில் கொஞ்சம்தான். மாவிலையை நாம் வாசலில் தோரணம் கட்டுவதோடு சரி. நாவல் பரவாயில்லை, நாக்கை ஊதாவாக்குகிற அந்தோசயனினைத் தோலோடு சேர்த்தே தின்றுவிடுகிறோம்.

இது தெரிந்த ஆட்கள் தோலைக் காயவைத்து அரைத்து, டப்பாவில் அடைத்து விற்கக் கிளம்பிவிட்டார்கள். எங்கள் அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்) அப்படி ஒரு டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டு, சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். கேட்டால், "ஏஞ்சாமி, பொஸ்தகத்துலயே போட்டிருக்காங்கல்ல?" என்று உங்கள் பக்கத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார். இதற்கு நான் என்னத்தைச் சொல்ல?

சோதனைக் குழாயில் ஊதா மஞ்சளாவது நிஜம். ஆனால் மெத்தனாலில் இறக்கிய சாற்றை யாரும் குடிப்பதில்லையே. வாய் வழியாகப் போகிற இந்தப் பொருள்களைக் குடலும் கல்லீரலும் உடைத்து மாற்றிவிடுகின்றன, ரத்தத்தில் போய்ச் சேருவது ரொம்பக் குறைச்சல். ஆன்டிஆக்ஸிடன்ட்டைத் தனியாக மாத்திரையாகக் கொடுத்தும் பார்த்தார்கள். ஃபின்லாந்தில் புகைபிடிக்கிற 29,133 ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. கேரட்டில் இருக்கிற பீட்டா கரோட்டின் என்கிற ஆன்டிஆக்ஸிடன்ட்டை மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. உங்கள் பட்டியலில் இருக்கிற ஓராக் எண்கள் சமாச்சாரமும் அப்படித்தான். அமெரிக்க வேளாண் துறை தான் வெளியிட்டிருந்த ஓராக் அட்டவணையை 2012-இலேயே இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. குழாயில் வருகிற எண் உடம்பில் நடப்பதைக் காட்டவில்லை, கம்பெனிகள் அதை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று காரணத்தையும் சொல்லியே எடுத்தார்கள்.

பழம் சாப்பிடாதீர்கள் என்று சொல்ல வரவில்லைங்க. சந்தையில் கூறு கட்டி விற்கிற கொய்யாவிலேயே ஆரஞ்சைப் போல மூன்று நான்கு மடங்கு வைட்டமின் சி இருக்கிறது, நார்ச்சத்து வேறு. தோட்டத்து மரத்தில் பறித்தால் அந்தக் காசும் மிச்சம். அடுத்த முறை இப்படி எழுதும்போது எந்தப் பாகம், எதில் இறக்கிய சாறு, குழாயில் பார்த்ததா, எலியிலா, மனுசனிலா என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் போட்டுவிடச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று, இது அவசரம். பட்டியலில் ஸ்டார் ஃப்ரூட்டையும் எல்லோரும் தினமும் ஜூஸ் போட்டுக் குடிக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது விஷம். அதிலிருக்கிற காரம்பாக்ஸின் என்ற பொருள் வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தங்கி மூளையைத் தாக்குகிறது, விடாத விக்கலில் ஆரம்பித்து, குழப்பம், வலிப்பு, உயிருக்கே ஆபத்து வரை போகும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் இருக்கிற வீடுகளுக்கும் உங்கள் இதழ் போகிறது. வருகிற இதழில் இதைத் திருத்தமாகக் கண்ணில் படுகிற இடத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
அன்னூர் வாசகன்