வயதை மட்டும் பார்த்து மறுக்காதீர்கள்

மதிப்பிற்குரிய அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவுக்கு 76 வயது. எண்டோஸ்கோப்பியில் இரைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஸ்கேனில் வேறெங்கும் பரவவில்லை. ஃபைலோடு உங்களில் ஒருவரிடம் போனோம். முதல் பக்கத்தில் வயதைப் பார்த்தார். "இந்த வயசுல ஆபரேஷன் தாங்காது. கேட்டதை வாங்கிக் குடுத்து வீட்ல வச்சுப் பாத்துக்குங்க" என்றார். இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் எடுக்கவில்லை. எழுந்து நடக்கச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். திரும்பும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. அரை இட்லிக்கு மேல் இறங்காதவர் எதைக் கேட்பார், டாக்டர்? சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் சத்தம் எனக்குக் கேட்கக் கூடாதென்று கொல்லைக் குழாயைத் திறந்துவிடுவார். இப்படியே ஐந்து வாரம் போனது.

என் வேண்டுகோள் ஒன்றுதான். வயதை மட்டும் பார்த்து மறுக்காதீர்கள். பரிசோதித்துவிட்டுச் சொல்லுங்கள்.

இந்த நோய்க்கு ஜப்பானில் 1991-லேயே லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளைகள் போட்டு கேமரா வழியாகப் பார்த்துச் செய்யும் ஆபரேஷன், செய்துவிட்டார்கள். கொரியாவில் 80 வயது வரை உள்ளவர்களையும் சேர்த்து 1,416 பேரிடம் ஆய்வு நடந்தது. ஆரம்ப நிலைப் புற்றில், வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் போலவே லேப்ராஸ்கோப்பி செய்துகொண்டவர்களும் பிழைத்திருந்தார்கள்; காயத்தில் வரும் சிக்கல் குறைவு. உங்களுக்குத் தெரியாததல்ல. நீளமாகக் கிழித்தால் வயதானவர்கள் சிலர் வலியில் இருமக்கூட முடியாமல், சளி கட்டி, நிமோனியாவில் படுத்துவிடுகிறார்கள். லேப்ராஸ்கோப்பி எல்லோருக்கும் பொருந்தாது, அதற்காக வயிற்றில் வாயு நிரப்பினால் இதயத்துக்குச் சுமை என்பதும் சரி. அதைத்தானே பரிசோதித்துப் பாருங்கள் என்கிறேன்?

பேங்க்கில், ரேஷன் கடையில், எங்கு போனாலும் வயதானவரை விட்டுவிட்டுக் கூட வந்தவரிடமே பேசுகிறார்கள். ஆஸ்பத்திரியிலுமா? கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள்.

அப்புறம் வேறோர் ஊரில் காட்டினோம். எக்கோ எடுத்தார்கள், மாடிப்படி ஏறச் சொன்னார்கள். அம்மா இரண்டு மாடி ஏறினார். லேப்ராஸ்கோப்பி செய்யலாம், ஆனால் எடை மிகவும் இறங்கிவிட்டது, முதலில் உடம்பைத் தேற்ற வேண்டும் என்றார்கள். அந்த ஐந்து வாரத்தில் இறங்கிய எடை அது.

அடுத்து ஒரு 76 வயதுக்காரர் வந்தால், தயவுசெய்து அவரிடமே பேசுங்கள். பரிசோதித்துவிட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகன்