ஸ்டூர் ஆற்றங்கரை நடைகளுக்குத் துணைநின்றோர்க்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரியோரே,

கிழக்கு லண்டனில் வாழும் தமிழ் மூத்தோர் சிலர் ஒன்றுகூடி, இவ்வாண்டு இளவேனிலில் தொடங்கி அறுவடை முடியும்வரை, சஃபோக்கிற்கும் எசெக்ஸிற்கும் எல்லையாக ஓடும் ஸ்டூர் ஆற்றின் கரையில் நடந்து வந்தோம். முழங்கால் வலியுள்ளவர்களும், இதய சிகிச்சைக்குப் பின் மருத்துவரின் அறிவுரைப்படி வந்தவர்களும், துணையை இழந்தபின் வீட்டு வாசலைத் தாண்டவே மனமில்லாதிருந்தவர்களும் எங்களுள் இருந்தனர். அவர்கள் அனைவரும் ஃபிளாட்ஃபோர்டு ஆலையிலிருந்து டெடம் ஊர்வரை வயலும் ஆறுமாகத் தொடரும் வழியை அச்சமின்றி நடந்து முடித்தார்கள் என்றால், அதன் பின்னே பலருடைய உழைப்பு இருக்கிறது. உரியவர்களுக்கு ஆங்கிலத்தில் தனித்தனியே எழுதிவிட்டோம். இன்னின்னார் இன்னின்ன உதவி செய்தார்கள் என்று நம்மவர்களும் அறியவேண்டும் என்பதால் இம்மடலைப் பொதுவில் வைக்கிறோம்.

முதல் நன்றி, எங்களை வழிநடத்திய தன்னார்வலர்களுக்கு. ஊதியம் ஏதுமின்றி, ஒவ்வொரு நடைக்கும் முன்பாகத் தாங்களே அவ்வழியை நடந்து பார்த்து, எங்கே சேறு, எங்கே உட்கார இடம், எங்கே திரும்பினால் தூரம் குறையும் என்று குறித்துக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் 196ஆம் எண் வரைபடத்தைப் புல்மேல் விரித்து, பச்சைக் கோடுகள் பொதுவழிகளைக் குறிக்கும் என்றும், மெல்லிய கறுப்புக் கோடுகள் வயல் எல்லைகள் என்றும், வேலிக்கு எந்தப் பக்கத்தில் நடக்கவேண்டும் என்பதைக்கூட அதில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். எழுபது வயதைக் கடந்த எங்கள் அக்கா ஒருவர் இப்போது வரைபடத்தைத் தம் கையில் வைத்துக்கொண்டு முன்னே நடக்கிறார். இந்தத் தன்னம்பிக்கைக்கு எந்த மருந்தும் ஈடாகாது.

அடுத்து விவசாயிகள். இவர்களுக்குச் சொல்லவேண்டியது அதிகம், ஏனெனில் நாங்கள் நடந்தது பூங்காவில் அன்று. கோதுமையும் பார்லியும் விளைகிற, மாடுகள் மேய்கிற, ஒரு குடும்பம் பிழைக்கிற நிலத்தில். இங்கிலாந்துச் சட்டப்படி வயலின் குறுக்கே செல்லும் பொது நடைபாதையை உழவுக்காகக் கலைக்கலாம்; ஆனால் அதன்பின் 14 நாட்களுக்குள், குறைந்தது ஒரு மீட்டர் அகலத்திற்கு, அதை மீண்டும் நடக்கத்தக்கதாக்கித் தரவேண்டும். பயிர் வளரும்போதும் அந்த அகலத்தைக் காக்கவேண்டும். இது ஏட்டில் எழுதிய விதி. மார்பளவு நின்ற பயிருக்கு நடுவே, கைத்தடி ஊன்றி வருபவருக்கும் இடறாதபடி சமமாக மிதித்து இறுக்கிய பாதையைக் கண்டபோதுதான், விதியை மனமுவந்து நிறைவேற்றுவது எப்படியிருக்கும் என்று அறிந்தோம். விதை விழவேண்டிய மண்ணை ஆண்டுதோறும் முன்பின் அறியாதவர்களின் கால்களுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். நாங்களும் வேளாண்குடியில் பிறந்தவர்கள் ஆதலால் அதன் மதிப்பு எங்களுக்குத் தெரியும்.

அவர்களுள் ஒருவரைத் தனியாகக் குறிப்பிட்டே ஆகவேண்டும். அவருடைய நிலத்தின் எல்லையில், ஏறிக் கடக்கவேண்டிய மரப்படிக் கடப்பு ஒன்று இருந்தது. காலைத் தூக்கிப் போட இயலாத நால்வர் அதனருகே வந்ததும் திரும்பிப் போவது வழக்கமாயிற்று. வழிநடத்துநர் ஒருவர் இதைப் பேச்சுவாக்கில் அவரிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் நாங்கள் சென்றபோது கடப்பு இருந்த இடத்தில், மாடு நுழையாமல் ஆள் மட்டும் திரும்பிச் செல்லத்தக்க வாயில் நின்றது. ஐயா, அந்த வாயிலால் அந்த நால்வரும் முதன்முறையாக அப்பால் உள்ள புல்வெளியைக் கண்டார்கள். கன்று ஈன்ற மாடுகளை நாங்கள் வரும் நாட்களில் அடுத்த வயலுக்கு மாற்றியதையும் மறக்கமாட்டோம்.

எசெக்ஸ், சஃபோக் கவுண்டி கவுன்சில்களின் நடைபாதைப் பணியாளர்கள் முட்செடியும் காஞ்சொறியும் வழியை மூடாமல் வெட்டிவைத்தார்கள். மஞ்சள் அம்புக்குறிகளைத் திருப்பங்களில் பதித்தார்கள். அவர்களை நாங்கள் ஒருமுறையும் நேரில் கண்டதில்லை. மானிங்ட்ரீ நிலையத்தில் சாய்வுப்பலகை வைத்து எங்கள் சக்கர நாற்காலியை இறக்கிவிட்ட ரயில் ஊழியர்களுக்கும் நன்றி.

ஃபிளாட்ஃபோர்டில், பழங்கட்டடங்களையும் இயற்கை நிலங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பணியாளர்கள், நேரம் முடிந்த பின்னும் எங்களுக்காகத் தேநீர்க்கடையைத் திறந்துவைத்திருந்தார்கள். ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் தந்தை அங்கே ஆலை நடத்தியதையும், 1705ஆம் ஆண்டுச் சட்டத்தால் சட்பரி வரை படகுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட இவ்வாற்றில் குதிரைகள் கரையில் நடந்து படகுகளை இழுத்துச் சென்றதையும் அவர்கள்தாம் சொன்னார்கள். கான்ஸ்டபிள் 1821இல் வரைந்து முடித்த ஓவியத்தில் காணப்படும் வீடு இன்றும் நீரோரத்தில் அப்படியே நிற்கிறது. டெடம் பள்ளத்தாக்கை 1970இல் காப்புநிலமாக அறிவிக்க உழைத்தவர்கள் இல்லாவிடில் அந்த வீட்டைச் சுற்றி என்ன எழும்பியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம். கரையில் வரிசையாக நட்டிருந்த வில்லோ மரங்களைக் காட்டி, இவை கிரிக்கெட் மட்டைக்காக வளர்ப்பவை, வெட்டுவதற்குச் சுமார் 15 ஆண்டுகளாவது காத்திருக்கவேண்டும் என்று ஒருவர் விளக்கியபோது, எங்கள் ஆண்களை அங்கிருந்து நகர்த்துவது பெரும்பாடாயிற்று.

நாங்கள் நேரில் நன்றி சொல்ல இயலாதவர்களும் உண்டு. நடக்கும் உரிமைக்காக 1932இல் டார்பிஷயரின் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் தடையை மீறி ஏறியவர்களுள் ஐவர் சிறை சென்றார்கள். நடப்போரின் உரிமைக்குக் குரல்கொடுக்கும் ராம்ப்ளர்ஸ் சங்கம் 1935இல் உருவாயிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டம், பொதுவழிகள் யாவற்றையும் அதிகாரபூர்வ வரைபடத்தில் பதிவு செய்யும் கடமையைக் கவுண்டி கவுன்சில்களிடம் ஒப்படைத்தது. வேறொரு நாட்டில் பிறந்து முதுமையில் இங்கே கால்வைத்த எங்களிடம், இந்த வயலில் நடக்க உங்களுக்கு என்ன உரிமை என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த உரிமையை எங்களுக்கு ஈட்டித் தந்தவர்கள் அவர்கள்.

பெற்ற உதவிக்குச் சொல்லால் மட்டும் நன்றி கூறி அமைய மனம் ஒப்பவில்லை. எங்களுள் உடல்வலு உள்ளவர்கள், பாதையோரப் புதர் வெட்டும் தன்னார்வலர் பணிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அப்பணி நடக்கும் நாட்களில் அனைவருக்கும் மதிய உணவு சமைத்துக் கொண்டுவரும் பொறுப்பை மற்றவர்கள் ஏற்றுள்ளார்கள். வரும் வசந்தத்தில் ஆற்றின் மேற்பகுதியில், நேலண்டிலிருந்து பியூர்ஸ் நோக்கி நடக்க எண்ணியுள்ளோம். எங்களோடு வர விரும்பும் மூத்தோர், நடை மெதுவாயிருந்தாலும் தயங்காமல் வரலாம்.

மிக்க நன்றியுடன்,
நடைக்குழுவினர் சார்பில்,
ஈஸ்ட் ஹாம், லண்டன்